தனியே ஒரு பயணம், தனியே ஒரு கணக்கு

சுற்றுலாச் செலவைக் கணக்கிடும்போது நம்மில் பலரும் நால்வர் குடும்பத்தின் மொத்தச் செலவை நான்கால் வகுத்து, 'ஒருவருக்கு இவ்வளவு' என்று எழுதிக்கொள்கிறோம். தனியே புறப்படுபவருக்கு இந்த வகுத்தல் பொருந்தாது. அவருடைய செலவு நால்வர் செலவில் கால் பங்காக அமைவதில்லை. சில இனங்களில் அது முழுச் செலவாகவே நிற்கும். இதை அறியாமல் புறப்படுபவர் பாதி வழியில் கையைப் பிசைகிறார். அறிந்து அஞ்சுபவரோ, துணை கிடைக்கும்வரை என்று பயணத்தை ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடுகிறார். பணி ஓய்வு பெற்றோர், துணையை இழந்தோர், மணமாகாத இளைஞர், பிள்ளைகளை வெளியூருக்கு அனுப்பிவிட்ட பெற்றோர் எனப் பலர் இவ்வாறு காத்திருக்கின்றனர். அவர்களுக்குக் குறைவாக இருப்பது பெரும்பாலும் பணமன்று, கணக்குத்தான்.

பண்பாடு, உணவு, இயற்கை ஆகிய மூன்றையும் சிக்கனமாகக் கண்டு திரும்ப ஏற்ற ஊராகப் பெங்களூருவை எடுத்துக்கொண்டு, தனிப் பயணத்தின் கணக்கை இங்கே பாடமாகப் பார்ப்போம். தமிழகத்திலிருந்து அவ்வூருக்கு இரயில் வசதி நிறைய உண்டு. பிருந்தாவன் விரைவு வண்டி 1964 முதல் சென்னையையும் பெங்களூருவையும் இணைத்து வருகிறது. அண்மை ஆண்டுகளில் கோயம்புத்தூரிலிருந்தும் மதுரையிலிருந்தும் வந்தே பாரத் வண்டிகள் ஓடத் தொடங்கியுள்ளன. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 920 மீட்டர் உயரத்தில் அமைந்திருப்பதால் ஊரின் வெயிலும் கடுமையாக இராது. தமிழில் வழி கேட்டால் தமிழிலேயே மறுமொழி சொல்வோர் பல பகுதிகளில் உள்ளனர். முதன்முறை தனியே செல்பவருக்கு இது பெரிய ஆறுதல்.

பங்கிட இயலாத செலவு

பயணச் செலவுகளை இரண்டாகப் பிரிக்கலாம். இரயில் கட்டணம், மெட்ரோ கட்டணம், நுழைவுச் சீட்டு, உணவு ஆகியவை தலைக்கு இவ்வளவு என அமைபவை. எத்தனை பேர் சென்றாலும் ஒருவரின் பங்கு மாறுவதில்லை. அறை வாடகை, ஆட்டோ, வாடகைக் கார் ஆகியவை மொத்தமாக அமைபவை. 1,600 ரூபாய் அறையில் இருவர் தங்கினால் ஆளுக்கு 800. ஒருவரே தங்கினால் 1,600. 160 ரூபாய் ஆட்டோவில் நால்வர் சென்றால் ஆளுக்கு 40. தனியே சென்றால் 160 முழுவதும் அவர் தலையில்தான்.

பெங்களூருவின் சிற்றுண்டிக் கடைகளில் 'ஒன் பை டூ' என்ற வழக்கம் ஒன்று உண்டு. இருவர் சேர்ந்து ஒரு காப்பி கேட்டால் அதை இரு குவளைகளில் பகிர்ந்து தருவார்கள். தனியே செல்பவருக்கு அந்த 'டூ' இல்லை என்பதை மறவாதிருந்தால், அவர் கணக்கில் பாதி சரியாகிவிடும்.

வெளிநாட்டுச் சுற்றுலாக்களில் தனியாகச் சேர்வோரிடம் இதற்கெனவே கூடுதல் கட்டணம் வாங்கும் வழக்கம் உள்ளது. நம் நாட்டுச் சுற்றுலா விளம்பரங்களிலும் 'இருவர் பகிர்வு அடிப்படையில்' என்ற சொற்கள் சிறிய எழுத்தில் இருக்கும். அங்கே அச்சிட்டிருக்கும் தொகை தனியாளுக்கு உரியதன்று.

எனவே தனிப் பயணத்தின் முதல் விதி இதுதான்: மொத்தமாக அமையும் செலவுகளை, இயன்றவரை தலைக்கு இவ்வளவு என்னும் செலவுகளாக மாற்றிக்கொள்ள வேண்டும். அறைக்குப் பதிலாகப் பொதுக்கூடத்தில் ஒரு படுக்கையை எடுக்கலாம்; பெண்களுக்கெனத் தனிக் கூடம் உள்ள விடுதிகளும் இருக்கின்றன. உறுதியான பயணச் சீட்டு உள்ளோர் பெரிய இரயில் நிலையங்களின் ஓய்வறைகளை முன்பதிவு செய்யலாம். ஆட்டோவுக்குப் பதிலாக மெட்ரோ, வாடகைக் காருக்குப் பதிலாகப் பேருந்து. இவ்வாறு மாற்ற முடியாத இடங்களில் மட்டும் முழுச் செலவையும் தயங்காமல் ஏற்க வேண்டும். இரவு ஒன்பது மணிக்கு மேல் அறிமுகமற்ற தெருவில் ஆட்டோவுக்குக் கொடுக்கும் தொகையை மிச்சம் பிடிப்பது சிக்கனமாகாது.

அறை வாடகையின் மேல் வரியையும் சேர்த்துக் கேளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல், நாளொன்றுக்கு 7,500 ரூபாய் வரையிலான அறைகளுக்கு ஜி.எஸ்.டி. 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்துள்ளது. பதிவு செய்யும்போது காட்டப்படும் தொகை வரியுடனா, வரியின்றியா என்பதை உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

நாளைத் தேர்ந்த பிறகு இடம்

பலரும் இடங்களின் பட்டியலை முதலில் எழுதுகின்றனர். கிழமைகளின் பட்டியலை முதலில் எழுதுவதே நன்று. பெங்களூருவில் திங்கட்கிழமை தேசிய நவீனக் கலைக்கூடத்துக்கும் லால்பாக் சாலையிலுள்ள எம்.டி.ஆர். உணவகத்துக்கும் விடுமுறை. செவ்வாய்க்கிழமை பன்னேர்கட்டா உயிரியல் பூங்கா மூடியிருக்கும். வெள்ளிக்கிழமை காந்தி பஜாரின் வித்யார்த்தி பவன் இயங்காது. ஞாயிற்றுக்கிழமை சங்கரபுரத்தின் பிராமின்ஸ் காபி பாருக்கு விடுமுறை. அன்று நந்தி மலையிலோ கூட்டம் அலைமோதும். வெள்ளி மாலையில் அந்நகரில் பணிபுரியும் தமிழர் பெரும் எண்ணிக்கையில் ஊர் திரும்புவதால், இரயிலில் இடம் கிடைப்பதும் அரிது. தனியார் பேருந்துக் கட்டணமும் உயர்ந்துவிடும்.

இவற்றைக் கழித்தால் செவ்வாய், புதன், வியாழன் ஆகிய மூன்று நாட்கள் எஞ்சுகின்றன. பன்னேர்கட்டா செல்ல விரும்புவோர் அதைச் செவ்வாய்க்கு வைக்காதிருந்தால் போதும். திங்கள் இரவு இரயிலேறிச் செவ்வாய் காலை இறங்கி, வியாழன் இரவு திரும்பினால், மூன்று பகலுக்கு இரண்டு இரவு வாடகை மட்டுமே. பணியில் இருப்போருக்கு மூன்று நாள் விடுப்பும் ஒரு செலவுதான். புதன் அல்லது வியாழனில் அரசு விடுமுறை வரும் வாரத்தைத் தேர்ந்தால் அதுவும் குறையும்.

2024 நவம்பர் 1 முதல் இரயில் முன்பதிவு, பயண நாளுக்கு 60 நாட்கள் முன்னரே தொடங்குகிறது. முன்பு 120 நாட்களாக இருந்தது. ஆகவே நாட்காட்டியில் அந்த அறுபதாம் நாளைக் குறித்து வைத்து, போகவும் வரவும் சேர்த்தே பதிவு செய்யுங்கள். இணையவழியில் பதிவு செய்கையில் பயணக் காப்பீடு வேண்டுமா என்று கேட்பார்கள். ஒரு ரூபாய்க்கும் குறைவான அந்தத் தொகையைத் தவிர்க்க வேண்டாம். நியமனதாரர் பெயரையும் உடனே பதிந்துவிடுங்கள்.

மூன்று நாள், மூன்று திசை

ஒரு நாளைக்கு ஒரு திசை என்பது இரண்டாம் விதி. ஊரின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குக் காலையும் மாலையும் அலைபவர், பணத்தை மட்டுமன்றிப் பொழுதையும் நெரிசலில் இழக்கிறார். 2011 அக்டோபரில் தொடங்கிய நம்ம மெட்ரோவின் பச்சை, ஊதா வழித்தடங்கள் மெஜஸ்டிக்கில் சந்திக்கின்றன. பெங்களூரு நகர இரயில் நிலையமும் அதன் எதிரிலேயே உள்ளது. எனவே மெஜஸ்டிக்கிலோ, அங்கிருந்து சில மெட்ரோ நிலையங்களுக்குள்ளாகவோ தங்கினால் போதும். 2025 பிப்ரவரியில் திருத்தப்பட்ட மெட்ரோ கட்டணம் குறைந்த அளவு 10 ரூபாய், உயர்ந்த அளவு 90 ரூபாய். ஸ்மார்ட் கார்டு வைத்திருப்போருக்குத் தள்ளுபடியும் உண்டு. மகளிர் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும்: கர்நாடக அரசு 2023 ஜூனில் தொடங்கிய 'சக்தி' திட்டத்தின் கட்டணமில்லாப் பேருந்துப் பயணம், அம்மாநில முகவரி உள்ளோருக்கே உரியது. தமிழகத்திலிருந்து செல்வோர் பேருந்துக் கட்டணத்தைக் கணக்கில் சேர்த்தாக வேண்டும்.

*முதல் நாள், தெற்கு.* பச்சை வழித்தடத்தில் கிருஷ்ணராஜேந்திர மார்க்கெட் நிலையத்தில் இறங்கினால் காலைப் பூச்சந்தையைக் காணலாம். அருகிலேயே ஹைதர் அலி 1781-இல் தொடங்கித் திப்பு சுல்தான் 1791-இல் முடித்த கோடைக்கால அரண்மனை, தேக்குமரத் தூண்களுடன் நிற்கிறது. அதை ஒட்டிய கோட்டை வெங்கடரமண சுவாமி கோயில் அதனினும் ஒரு நூற்றாண்டு மூத்தது. அடுத்த நிலையமான நேஷனல் காலேஜில் இறங்கிப் பசவனகுடிக்குள் நடக்கலாம். 1898-இல் நகரைத் தாக்கிய பிளேக் நோய்க்குப் பின், நெரிசலற்ற குடியிருப்பாக மல்லேஸ்வரத்துடன் உருவான பகுதி இது. ஒரே கல்லால் ஆன பெரிய நந்தி வீற்றிருக்கும் தொட்ட பசவனகுடி இங்குள்ளது. கார்த்திகை மாதக் கடைசித் திங்களில் அதைச் சுற்றி நடக்கும் நிலக்கடலைத் திருவிழாவைக் காண விரும்புவோர் மட்டும், மேலே சொன்ன கிழமைக் கணக்கை மாற்றிக்கொள்ளலாம்.

வித்யார்த்தி பவன் 1943 முதல் தோசைக்குப் பெயர் பெற்றது. கூட்டம் மிகுந்திருந்தாலும் தனியாள் ஒருவருக்கு ஓர் இருக்கை விரைவில் கிடைத்துவிடும். தனிமைக்கு இப்படியும் ஒரு சலுகை உண்டு. மாலையில் லால்பாக். 1760-இல் ஹைதர் அலி தொடங்கிய இத்தோட்டம் 240 ஏக்கர் பரப்புள்ளது. இதனுள்ளே இருக்கும் பாறைக்குன்று ஏறத்தாழ 300 கோடி ஆண்டுப் பழைமையுடையது. தேசிய நிலவியல் நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. நகரின் நிறுவனரான கெம்பே கௌடாவின் பெயர் தாங்கிய கோபுரம் அதன் உச்சியில் உள்ளது. இரவு உணவுக்கு வி.வி.புரத்தின் உணவுத் தெரு பக்கத்தில்தான். அங்கே ஒவ்வொரு கடையிலும் ஒவ்வொரு பண்டம் வாங்கி நின்றபடி உண்ணலாம்.

*இரண்டாம் நாள், கிழக்கு.* ஊதா வழித்தடத்தில் விதான சௌதா நிலையம். 1956-இல் கட்டி முடிக்கப்பட்ட சட்டமன்ற மாளிகையையும், எதிரே செந்நிறத்தில் நிற்கும் உயர்நீதிமன்றத்தையும் சாலையிலிருந்தே காணலாம். அடுத்துள்ள கப்பன் பூங்கா 1870-இல் அமைந்தது. மரநிழலும் மூங்கில் கூட்டமும் பழைய நூலகக் கட்டடமும் காண்பதற்குச் செலவே இல்லை. அரண்மனைச் சாலையில் மாணிக்கவேலு மாளிகையில் 2009 முதல் தேசிய நவீனக் கலைக்கூடம் இயங்குகிறது. அவ்விடத்துக்கு மட்டும் ஓர் ஆட்டோ தேவைப்படலாம்.

பிற்பகலில் அல்சூர். ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலை உள்ளது. 1991 முதல் பதினெட்டு ஆண்டுகள் திரையிட்டுக் கிடந்த அச்சிலை, 2009 ஆகஸ்டு 9 அன்று இரு மாநில முதலமைச்சர்களும் கூடியிருக்கத் திறந்துவைக்கப்பட்டது. சற்றுத் தொலைவில் சோமேசுவரர் கோயில். நேரமிருப்போர் தொம்மலூர் சொக்கநாத சுவாமி கோயிலுக்குச் சென்றால், சுவர்களில் தமிழ்க் கல்வெட்டுகளையே காணலாம். எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பும் நம் மொழி இங்கே கணக்கும் கொடையும் எழுதியிருக்கிறது.

உணவுக்கு 'தர்ஷினி' எனப்படும் நின்றுண்ணும் கடைகளே தனியாளின் உற்ற நண்பர்கள். சீட்டு வாங்கி, தட்டைப் பெற்று, உயர்ந்த மேசையருகே நின்று உண்டு நகரலாம். நான்கு நாற்காலி மேசையை ஒருவராக அடைத்துக்கொண்டிருக்கும் கூச்சம் அங்கில்லை. பிசிபேளே பாத், அக்கி ரொட்டி, நம் கேழ்வரகுக் களியின் உடன்பிறப்பான ராகி முத்தே ஆகியவற்றை வேளைக்கு ஒன்றாகச் சுவைக்கலாம். 1924-இல் தோன்றிய எம்.டி.ஆர். உணவகம், இரண்டாம் உலகப் போர்க்கால அரிசித் தட்டுப்பாட்டின்போது ரவையில் இட்டலி வார்த்தது. தட்டுப்பாட்டிலிருந்து பிறந்த பண்டம் இன்று சிறப்புணவாக நிற்பது, சிக்கனம் பற்றிய இக்கட்டுரைக்கும் பொருத்தமே. நாளொன்றுக்கு ஒரு பெயர்பெற்ற உணவகம், மற்ற வேளைகளுக்குத் தர்ஷினி என்று வகுத்துக்கொண்டால், நாவும் பையும் ஒருசேர நிறைவாக இருக்கும்.

*மூன்றாம் நாள், வடக்கு.* நகரிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டரில், 1,478 மீட்டர் உயரத்தில் நந்தி மலை. விடியற்காலை மேகங்களைக் காண வாடகைக் கார் எடுப்போர் உண்டு. தனியாளுக்கு அது மூன்று நாள் உணவுச் செலவையும் விழுங்கிவிடும். காலைப் பேருந்தில் சென்றால் விடியலை இழப்போம். கோட்டை மதிலையும், குளிர்காற்றையும், அடிவாரத்தில் ஒன்பதாம் நூற்றாண்டில் தோன்றிய போகநந்தீசுவரர் கோயிலையும் இழக்கமாட்டோம். எதை விடுவது என்று முன்கூட்டியே முடிவு செய்வதுதானே திட்டம்? மலைக்கு நேரடிப் பேருந்துகள் மிகச் சில. திரும்பும் நேரத்தை முந்தைய நாளே மெஜஸ்டிக்கில் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். மலைப்பாதை திறந்திருப்பதையும் உறுதிசெய்துகொள்ள வேண்டும். அறையைக் காலையிலேயே காலி செய்து, பையை விடுதியிலோ இரயில் நிலையப் பொருள் காப்பறையிலோ வைத்துச் செல்லலாம்.

மாதிரிக் கணக்கு

பின்வருவது சென்னையிலிருந்து செல்லும் ஒருவருக்கான மாதிரி. தொகைகள் கணக்கின் வடிவைக் காட்டுவதற்கே. உங்கள் ஊருக்கும் பருவத்துக்கும் ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

இரயில், போக வர: 1,200 ரூபாய்
தங்கல், இரண்டு இரவு: 2,000 ரூபாய்
உள்ளூர்ப் போக்குவரத்து, மூன்று நாள்: 750 ரூபாய்
உணவு, நாளொன்றுக்கு 500 வீதம்: 1,500 ரூபாய்
நுழைவுக் கட்டணங்கள்: 300 ரூபாய்
கூட்டுத்தொகை: 5,750 ரூபாய்
காப்புத் தொகை, 20 விழுக்காடு: 1,150 ரூபாய்
விருப்பச் செலவு: 600 ரூபாய்
ஆக மொத்தம்: 7,500 ரூபாய்

கடைசி இரண்டு இனங்களை வேறுபடுத்தி அறிவதே இப்பட்டியலின் உயிர். விருப்பச் செலவு புத்தகத்துக்கும், மைசூர்பாகுக்கும், இரண்டாவது தோசைக்கும் உரியது. காப்புத் தொகை எதற்கும் உரியதன்று. இன்றிரவே ஊர் திரும்ப நேர்ந்தால் அதற்கு ஆகும் செலவே அதன் குறைந்த அளவு. குழுவாகச் செல்வோருக்குப் பணம் குறைந்தால் உடன் வந்தவர் கொடுத்து உதவுவார். தனியே செல்பவர் தமக்குத் தாமே கடன் கொடுக்க வேண்டியவர். அந்தக் கடனைத்தான் புறப்படும் முன்னரே ஒதுக்கி வைக்கிறோம்.

வங்கியில் அன்றாடக் கணக்கை முடிக்காமல் நாம் விளக்கை அணைப்பதில்லை. பயணத்திலும் இரவில் ஐந்து மணித்துளி ஒதுக்கி, அன்றைய செலவையும் கையிருப்பையும் எழுதுங்கள். முதல் நாள் 150 ரூபாய் கூடிவிட்டால் அதை விருப்பச் செலவில் கழியுங்கள். காப்புத் தொகையைத் தொடாதீர்கள்.

பணத்தை எங்கே வைப்பது?

தனிப் பயணியின் கைப்பேசியே இன்று அவருடைய பணப்பையும் வழிகாட்டியும் பயணச் சீட்டும். அது தொலைந்தால் மூன்றும் ஒன்றாகத் தொலைகின்றன. ஆகவே பணத்தை மூன்று இடங்களில் பிரித்து வையுங்கள். அன்றாடச் செலவு யு.பி.ஐ. வழியாக; ஒரு நாள் செலவுக்கான ரொக்கம் பணப்பையில்; டெபிட் கார்டும் காப்புத் தொகையில் ஒரு பகுதியும் உள்பையில்.

இயலுமாயின், பயணத் தொகையை மட்டும் தனிச் சேமிப்புக் கணக்கில் வைத்து, அதை மட்டுமே பயணத்தின்போது யு.பி.ஐ.யில் பயன்படுத்துங்கள். வாழ்நாள் சேமிப்பு உள்ள கணக்கைத் தெருவோரக் கடையில் திறக்கத் தேவையில்லை. யு.பி.ஐ. லைட்டில் 5,000 ரூபாய் வரை இருப்பு வைக்கலாம். ஒரு முறைக்கு 1,000 ரூபாய் வரை இரகசிய எண் இன்றியே செலுத்த முடியும் என்பதால், அதில் ஒரு நாள் தொகைக்கு மேல் இடாமலிருப்பது நன்று. கார்டின் இணையவழிப் பயன்பாடு, வெளிநாட்டுப் பயன்பாடு ஆகியவற்றை நிறுத்தி வைக்கவும் வரம்பு குறிக்கவும் வங்கிச் செயலியிலேயே வசதி உண்டு.

பெங்களூரு பெருநகர வகையில் சேர்வதால், பிற வங்கி ஏ.டி.எம்.களில் மாதத்துக்கு 3 முறை மட்டுமே கட்டணமில்லை. இருப்பைப் பார்ப்பதும் அதில் ஒன்றாக எண்ணப்படும். அதற்கு மேல், 2025 மே 1 முதல் முறைக்கு 23 ரூபாய் வரை கட்டணமாகலாம். தேவையானதை ஒரே முறையில், நம் வங்கியின் ஏ.டி.எம்.இல் எடுப்பதே சிக்கனம்.

பணம் பெறுவதற்கு இரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை. அறை முன்பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொல்லி எவரேனும் அதை இடச் சொன்னால், அது மோசடி. பணம் பறிபோனதாக அறிந்தவுடன் வங்கிக்கும் 1930 என்ற எண்ணுக்கும் தெரிவியுங்கள். வாடிக்கையாளர் தவறின்றி, மூன்றாம் தரப்பினரால் நேர்ந்த இழப்பை, வங்கியின் தகவல் கிடைத்த 3 வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் அவருக்குப் பொறுப்பில்லை என்று ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை அறிவுறுத்தல் கூறுகிறது. எண்ணைத் தாமே பிறரிடம் சொல்லிவிட்டால், வங்கிக்குத் தெரிவிக்கும்வரை ஏற்படும் இழப்பு அவருடையதே. வங்கியின் உதவி எண், வீட்டாரின் எண் இரண்டு, அவசர உதவிக்கான 112 ஆகியவற்றைத் தாளில் எழுதி உள்பையில் வையுங்கள். தாளுக்கு மின்னேற்றம் வேண்டியதில்லை.

புறப்படும் முன்னரே முடியும் செலவு

இப்பயணத்துக்காக வைப்பு நிதியை முறிக்கவோ, கடன் அட்டையில் சுமையேற்றவோ வேண்டாம். மூன்று நாள் மகிழ்ச்சிக்கு மூன்று மாத வட்டி கட்டுவது நல்ல வாணிபம் அன்று. மாதம் 1,250 ரூபாய் வீதம் ஆறு மாதத் தொடர் வைப்பில் இட்டால், மாதிரித் தொகையான 7,500 ரூபாய் சேர்ந்துவிடும். வட்டி, வழியில் ஒரு காப்பிக்கு ஆகட்டும். நான்காம் மாத முடிவில் முன்பதிவுக்கான அறுபதாம் நாள் வந்துவிடும். அப்போது இரயில் கட்டணத்தை மட்டும் அம்மாதச் சம்பளத்திலிருந்தோ ஓய்வூதியத்திலிருந்தோ செலுத்தி, வைப்பு முதிர்ந்ததும் ஈடுசெய்துகொள்ளலாம்.

இன்றே ஒரு தாளை எடுத்து மூன்று பத்திகள் வரையுங்கள். முதலாவதில் தலைக்கு இவ்வளவு என அமையும் செலவுகள். இரண்டாவதில் மொத்தமாக அமையும் செலவுகள். மூன்றாவதில் காப்புத் தொகை. இரண்டாம் பத்தியிலிருந்து எவற்றை முதலாவதற்கு நகர்த்தலாம் என்று பாருங்கள். பின்னர் மொத்தத்தை ஆறால் வகுத்து, அத்தொகைக்குத் தொடர் வைப்பு ஒன்றைத் தொடங்குங்கள். முதல் தவணை செலுத்திய நாளே உங்கள் பயணத்தின் முதல் நாள்.